பிழை சாரின் கப்பல்

கப்பல் இன்னும் தண்ணீரைத் தொட்டிருக்கவில்லை, மணலில் முட்டுக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது, உட்கார்ந்த இடத்தில் இருந்தபடியே ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அது முதல் தடவையாக ஆள் பிடித்துக்கொண்டு வந்தது. மாசி மாதம். பால்காரர் வந்து போய்விட்டார், பூசை முடிந்து பெண்கள் கோயிலில் இருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். கப்பலின் பின்பக்கத்தில் இருந்து ஒரு கயிறு தொங்கியது, கயிற்றின் நுனியில் ஒரு சிறு படகு கட்டியிருந்தது, படகும் மணலில்தான் கிடந்தது, படகுக்குள் பதினொரு பேர் தலையில் இருந்து கால்வரை நனைந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் தாடியைப் பிழிந்துவிட்டு, "இது எந்தக் கரை? சண்டை முடிஞ்சிட்டுதா?" என்று கேட்டார். கப்பல் கட்டும் தச்சருக்கு எங்கள் கடற்கரையில் ஓடாவி என்று பெயர். எங்கள் ஓடாவி வியாகுலம் உளியைக் கீழே வைத்துவிட்டு, "அதெல்லாம் பொறவு பேசலாம், முதல்ல இறங்கிக் கடுங்காப்பி குடிங்க" என்றார்.

எங்கள் ஊர் சங்குமுனை, சங்குமுனைக்காரர்கள் இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது. வலை போட்டால் மீன் வருகிறது, ஆள் பிடிக்கிற கப்பலைக் கட்டினால் ஆள் வருகிறது. எங்களுக்கு இருந்த கவலை எல்லாம் பதினொரு பேருக்கு மதியச் சோறு யார் யார் வீட்டில் என்பதுதான்.

அந்தக் கப்பலுக்குப் பிரெஞ்சில் ஒரு பெயர் இருந்தது, அர்த்தம் பொறுமை என்றார்கள், பிரெஞ்சு எங்கள் வாயில் நுழையாததால் நாங்கள் பொறுமை என்றே கூப்பிட்டோம். பின்னால் சாய்ந்த இரண்டு பாய்மரம், ஒடுங்கிய உடம்பு, பக்கத்துக்கு நாலு பீரங்கி, ஸ்கூனர் என்கிற சாதி. ஆயிரத்து எண்ணூற்று மூன்றில் பிரெஞ்சு ராஜாங்கத்திடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டு, இந்தக் கடிதம் எங்களிடம் இருக்கிறவரை நாங்கள் கொள்ளைக்காரர்கள் இல்லை, சண்டைக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு, வங்காள விரிகுடாவில் இங்கிலீஷ்காரர்களின் கப்பல்களைப் பிடித்துத் திரிந்த தனியார் கப்பல் அது. என்றோ முழுகிப்போனது. தெற்கே நம் ஆட்கள் கரும்பு வெட்டப் போன தீவில் ஓர் அருங்காட்சியகம் அதைப் பழையபடியே கட்டிக் கேட்டது, மரக்கப்பல் கட்டத் தெரிந்த கைகள் இன்னும் சங்குமுனையில் இருந்ததால் வேலை எங்களுக்கு வந்தது. வேலையோடு கூடவே முனைவர் ஞானவரதனும் வந்தார்.

புதுச்சேரிக்காரர், ஐம்பத்தைந்து வயது, அரைக்கைச் சட்டை, கழுத்தில் நாடா கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடி. கப்பலில் ஆயிரத்து எண்ணூற்று மூன்றுக்குப் பிந்தியது எதுவும் இருக்கக் கூடாது என்று பார்ப்பதுதான் அவர் உத்தியோகம், அதனால் ஊர் அவருக்குப் பிழை சார் என்று பெயர் வைத்தது, அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. மில்லில் அறுத்த பலகையில் வட்ட ரம்பத்தின் வளைந்த தடம் இருக்கும் என்று சொல்லி எழுபது பலகையைத் திருப்பி அனுப்பினார், கையால் அறுத்தாலும் வாய்ச்சியால் செதுக்கிய தழும்பு தெரிய வேண்டும் என்றார், பாய்த்துணியில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை இழை என்று கண்ணாடி வைத்து எண்ணினார், இரும்பு ஆணி அடித்த இடத்தில் எல்லாம் பிடுங்கிவிட்டு மர ஆணி அடிக்கச் சொன்னார், கப்பலின் வயிற்றுக்குள்ளே, பலகைக்கும் பலகைக்கும் நடுவே, கட்டி முடித்த பிறகு கடவுள்கூடப் பார்க்க முடியாத இடத்திலும் அப்படியே செய்யச் சொன்னார். "யாருக்கு சார் தெரியப்போவுது" என்று ஓடாவி கேட்டால், "கப்பலுக்குத் தெரியும்" என்பார். நாங்கள் சிரித்தோம். பின்பக்கத்து இரும்பு ஆணிகளில் கடைசி ஒன்றைப் பிடுங்கி மர ஆணி அடித்த திங்கட்கிழமைக்கு மறுநாள்தான் அந்தப் பதினொரு பேரும் வந்தார்கள்.

வந்தவர்கள் கல்கத்தாவில் இருந்து அரிசி ஏற்றிய கப்பலின் மாலுமிகள். தாடி பிழிந்தவர் நாகூர்ப் பக்கத்து மீரா லெப்பை. கறுப்பாக ஒரு ஸ்கூனர் வந்ததாம், ஒரே ஒரு குண்டு போட்டதாம், அதன் கப்பித்தான் தொப்பியைக் கழற்றி மரியாதையாகப் பேசினானாம், சண்டை முடிகிறவரை கடலில் கால் வைக்க மாட்டோம் என்று ஒவ்வொருத்தரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டு கரைக்கு அனுப்பினானாம். அப்படித்தான் அந்தக் காலத்தில் செய்வார்கள் என்று பிழை சார் சந்தோஷமாகச் சொன்னார், ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு மீரா லெப்பையின் பக்கத்தில் உட்கார்ந்து, பாய்மரம் எவ்வளவு சாய்ந்திருந்தது, கொடிக்கயிறு எந்தப் பக்கம் கட்டியிருந்தது என்று மூன்று நாள் கேட்டார், கேட்டுக் கேட்டுக் கப்பலைத் திருத்தினார்.

அடுத்தடுத்து ஆட்கள் வந்தார்கள், வாரத்துக்கு இரண்டு விடியல், மூன்று விடியல். வி.ஏ.ஓ. வந்து பிறந்த தேதி கேட்டார், ஆயிரத்து எழுநூற்று எழுபத்தொன்பது என்று போட்டால் கம்ப்யூட்டர் வாங்கவில்லை, போகட்டும் என்று தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது போட்டுக்கொண்டு போனார். பங்குச்சாமி ஞாயிறு அறிவிப்பில், கடலில் இருந்து வந்திருக்கும் சகோதரர்களை யாரும் எட்டணா வேடிக்கையாகப் பார்க்க வேண்டாம் என்று சொன்னார். சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் கடலுக்குப் போக மாட்டார்கள், உப்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள், வரப்பில் வார் செருப்பு கேட்டார்கள், மிளகாய் அதிகம் என்றார்கள், பிறகு மிளகாய் போதாது என்றார்கள். தினமும் யாராவது ஒருத்தர், சண்டை முடிஞ்சிட்டுதா என்று கேட்பார்கள். எந்தச் சண்டை, அது முடிந்து இருநூறு வருடம் ஆயிற்றே என்று சொல்ல யாருக்கு மனசு வரும். முடிந்தது என்று சொன்னால் வீடு தேடிக் கடலில் இறங்குவார்கள், எந்த வீட்டைத் தேடுவது. "இன்னும் முடியல, நீங்க சாப்பிடுங்க" என்று நாங்கள் சொன்னோம், அதுவே எங்கள் ஊர்ப் பழக்கமாகிவிட்டது.

இதையெல்லாம் வேலையிடத்தில் இருந்தே பார்த்துக்கொண்டிருந்தவள் மெட்டில்டா. பருத்தி நூலைத் திரித்து, எண்ணெயில் ஊறவைத்து, பலகை இடுக்கில் உளியும் சுத்தியலும் கொண்டு அடித்துச் செருகுகிற வேலை அவளுக்கு, அதை நாங்கள் கலப்பற்று என்போம், தண்ணீர் உள்ளே வராமல் இருப்பது அந்தப் பெண்களின் கையில்தான். முப்பத்தொன்பது வயது, முன்தலை நரைத்துவிட்டது. பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு கார்த்திகையில் அவள் புருஷன் கஸ்பார் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிய தோணியில் போனான், தோணி போய்ச் சேரவில்லை, பலகைகூட ஒதுங்கவில்லை.

அந்தக் கார்த்திகையில் போக மாட்டேன் என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான், பிறகு போகிறேன் என்றான், சண்டை. ஃபோன் இல்லாமல் போக மாட்டான் என்று நினைத்து அவனுடைய ஃபோனை அவள் அரிசிப் பானைக்குள் புதைத்தாள். அவன் தேடினான், சிரித்தான், போய்விட்டான். காலை ஆறே காலுக்குத் துறைமுகத்தில் யாருடைய ஃபோனையோ வாங்கி அவன் தன் நம்பருக்கே கூப்பிட்டான், பானைக்குள் அரிசி அதிர்ந்து அதிர்ந்து அடித்தது, அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள், எடுக்கவில்லை. அந்தத் தோணிக்காரர்களில் சொந்தமாக ஃபோன் உள்ளவன் அவன் ஒருத்தன்தான். கரை தெரிகிற தூரத்திலேயே புயல் செய்தி மற்றத் தோணிகளுக்கெல்லாம் ஃபோனில் வந்தது, அவன் தோணிக்கு மட்டும் வரவில்லை. இதை அவள் தன் வாயால் யாரிடமும் சொன்னதில்லை, ஆனாலும் ஊருக்குத் தெரியும். எடுக்காத அந்த அழைப்பு இன்னும் அந்த ஃபோனில் இருக்கிறது, தேதியோடும் நேரத்தோடும்.

பங்குனியில் ஓடாவி வியாகுலம் ஒரு தப்புச் செய்தார். சுக்கானைக் கட்டிவைக்கக் கையில் திரித்த சணல் கயிறு தீர்ந்துபோயிற்று, இப்போதைக்கு இருக்கட்டும் என்று கொட்டகையில் அவர் அப்பா காலத்தில் இருந்து கிடந்த நைலான் கயிற்றில் ஒரு துண்டை எடுத்துக் கட்டினார், மறந்துவிட்டார். மறுநாள் விடியலில் படகுக்குள் ஒரே ஒரு ஆள். பெல்பாட்டம் பேன்ட், பூப்போட்ட சட்டை, இருபத்துநாலு வயது. "ரெஜினா பாப்பா பள்ளிக்கொடம் போயிட்டாளா?" என்று கேட்டான். நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் வள்ளத்தோடு காணாமல் போன லூர்தப்பன். அவன் தங்கை ரெஜினாவுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது, மீன் கூடையைத் தலையில் இருந்து இறக்காமலே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

பிழை சார் அரை நாளில் நைலானைக் கண்டுபிடித்து அறுத்தார். அறுத்த மறுநாள் பழையபடி வங்காளத்து மாலுமிகள் வந்தார்கள், லூர்தப்பனோ போகவில்லை, தங்கையின் வீட்டில் தங்கையின் பேரனுடைய கைலியைக் கட்டிக்கொண்டு இருந்தான். அதைப் பார்த்ததும் ஊருக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. கப்பலில் எந்த வருஷத்துப் பொருள் தப்பாக இருக்கிறதோ, அந்த வருஷத்துக் கடலுக்குப் போய்த்தான் பொறுமை ஆள் பிடிக்கிறது.

கடல் எடுக்காத வீடு சங்குமுனையில் எத்தனை இருக்கிறது என்று கேட்டால் ஒரு கை விரல் போதும். அன்று மத்தியானத்தில் இருந்து கப்பலைப் பார்க்க வருகிறவர்கள் கூட்டம் அதிகமானது, வருகிறவர்கள் எல்லாம் மடியில் எதையோ முடிந்துகொண்டு வந்தார்கள், போகும்போது மடி தட்டையாக இருந்தது. பெயர் வெட்டிய எவர்சில்வர் தம்ளரைப் பீரங்கியின் வாய்க்குள் போட்டாள் ஒருத்தி. இன்னொருத்தி தன் மகனின் பள்ளிக்கூட டையைப் பாய் மடிப்புக்குள் வைத்துத் தைத்தாள். டார்ச்லைட், ரேஷன் அட்டை, பிளாஸ்டிக் சோப்பு டப்பா, பாதி தீர்ந்த தைலப் புட்டி. மெட்டில்டாவும் ஃபோனை எண்ணெய்த் துணியில் சுற்றி, தண்ணீர்மட்டத்துக்குக் கீழே ஓர் இடுக்கை வாய்ச்சியால் கொஞ்சம் குடைந்து உள்ளே வைத்து, மேலே நூல் அடித்து, அதன் மேலே கீல் என்கிற தாரைப் பூசினாள். அவள் கைவேலையை அவளே தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

மறுநாள் படகு காலி. அதற்கு மறுநாளும் காலி. வாரம் ஒன்று போயிற்று, இரண்டு போயிற்று. எந்தக் கடலுக்குப் போவது என்று தெரியாமல் பொறுமை மணலிலேயே நின்றது.

கோயிலில் கூட்டம் போட்டார்கள். யாராவது ஒரு வருஷத்தை வைத்துக்கொள்வோம், மற்றவர்கள் எடுத்துவிடுவோம் என்று பேசினார்கள். எந்த வருஷம் என்பதில் சண்டை வந்தது, மைக்கைப் பிடுங்கினார்கள், என் மூணு மகனும் ஒன் புருஷனும் ஒண்ணா என்று ஒருத்தி கேட்டாள், அதற்குப் பிறகு நடந்த பேச்சை எல்லாம் எழுத முடியாது. கடைசியில், சரி, எல்லோருமே எடுத்துவிடுவோம், யாருக்கும் வேண்டாம் என்று சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள். ஒருத்தரும் எடுக்கவில்லை. மற்றவர்கள் எடுத்துவிடுவார்கள், நம்முடையது மட்டும் தனியாக இருக்கும் என்று ஒவ்வொரு வீடும் நினைத்தது. நாங்களும்தான் நினைத்தோம், வெட்கப்பட்டு என்ன ஆகப்போகிறது.

பிழை சார் தன் வேலையைத் தொடங்கினார். காலையில் கண்ணாடியோடு கப்பலுக்குள் போவார், மத்தியானம் நாலைந்து பொருளோடு வெளியே வருவார், ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டி, வீடு வீடாகப் போய், இரண்டு கையாலும் நீட்டி, "மன்னிச்சிடுங்கம்மா" என்பார். சிலர் அவர் காலில் விழுந்தார்கள், ஒருத்தி அவர் மேல் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நூற்றுப் பன்னிரண்டு பொருள். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் படகு காலியாகவே இருந்தது.

வைகாசி பௌர்ணமி வெள்ளத்தில் கப்பலை இறக்க வேண்டும் என்று தீவில் இருந்து கடிதம் வந்தது. இழுவைக் கப்பல் வரும், பதினாறு நாள் இழுத்துக்கொண்டு போகும், போய்ச் சேர்ந்ததும் அந்த ஊர்ச் சட்டப்படி கப்பலுக்குள் மின்விளக்கும் தீயணைப்புக் குழாயும் அவசர வழிப் பலகையும் பொருத்திவிடுவார்கள். அதைப் படித்துவிட்டு பிழை சார் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. "அதுக்கப்புறம் அது கப்பலே இல்ல, பொம்மை. ஒரு ஈயைக்கூடப் பிடிச்சுட்டு வராது" என்றார்.

மெட்டில்டா நூல் திரிக்கும் இடத்தில் வந்து அவர் உட்கார்ந்தார். அவளிடம் மட்டும் அவர் கொஞ்சம் பேசுவார், அவள் வேலையில் ஒருநாளும் அவர் பிழை கண்டதில்லை.

"இன்னும் ரெண்டு இருக்கும்மா" என்றார். "ஒண்ணுமே இல்லன்னா வங்காளத்துக்காரங்க வந்திருப்பாங்க. ஒண்ணே ஒண்ணு இருந்தா அந்த வருஷத்து ஆள் வந்திருக்கும். யாரும் வரலன்னா, குறைஞ்சது ரெண்டு."

"எல்லாத்தையும் பாத்தியளா சார்?"

"பாத்துட்டேன்."

"திசைகாட்டிப் பெட்டி?"

"அதை நான் பாத்துட்டேன்."

அதை மட்டும் அவர் அவசரமாகச் சொன்னதை அவள் கவனித்தாள். அவர், அவள் கேட்காமலே, "எனக்கு ஒரு பொண்ணு இருந்தா. தேன்மொழின்னு பேரு. ஒன்பது வயசு. அத்தைகூடப் படகு சவாரி போனா, நான் ஆவணக் காப்பகத்துல உக்காந்து ஒரு கப்பலோட வரைபடத்தைப் பாத்துட்டிருந்தேன்" என்றார். பிறகு எழுந்து போய்விட்டார்.

இரண்டில் ஒன்று தன்னுடையது என்று மெட்டில்டாவுக்குத் தெரியும். மற்றது யாருடையது என்று ரெஜினாவின் கண்ணைப் பார்த்தாள், ஓடாவியின் கண்ணைப் பார்த்தாள், ஊரில் எல்லோருடைய கண்ணையும் பார்த்தாள், எல்லோர் கண்ணிலும் பொருளைப் பறிகொடுத்த முழிதான் இருந்தது. கப்பலை இறக்குவதற்கு முந்தின நாள் சனிக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, அவள் கப்பலில் ஏறினாள். நேரே சுக்கானுக்கு முன்னால் இருக்கிற திசைகாட்டிப் பெட்டிக்குப் போனாள். பித்தளைக் கிண்ணத்தைத் தூக்கினாள். அடியில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கிளிப் இருந்தது, குழந்தைகள் தலையில் குத்துகிறது, அதன் பல்லில் இரண்டு முடி இன்னும் சிக்கியிருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது கோபம். ஒரு நூல் இழையை மன்னிக்காத மனுஷன். அப்புறம் கோபம் போய்விட்டது, அழுகை வந்தது, அப்புறம் அழுகையும் போய்விட்டது. அவர் கப்பலோடு போகப்போகிறார் என்பது அவளுக்குத் தெரியும், வழியில் பதினாறு விடியல் இருக்கிறது, மற்றது மட்டும் கிடைத்துவிட்டால் பதினாறு விடியலும் அவருடையது. அவளுக்கு இருப்பது நாளைக்கு ஒரே ஒரு விடியல். கிளிப்பை எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு இறங்கினாள், வீட்டுக்குப் போனாள், பதினொரு வருடம் ஃபோன் கிடந்த அதே அரிசிப் பானையில் அதைப் புதைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. இழுவைக் கப்பல் மணல்திட்டுக்கு அப்பால் நின்றது. பொறுமையின் பின்பக்கத்தில் படகு கட்டியிருந்தது, படகில் கஸ்பார் உட்கார்ந்திருந்தான்.

இருபத்தொன்பது வயது, போகும்போது போட்டிருந்த அதே நீலச் சட்டை, கன்னத்தில் அதே வெட்டுத் தழும்பு. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்ததாம், அந்த நேரம் பார்த்து ஒரு கறுப்பு ஸ்கூனர் வந்து பிடித்துவிட்டதாம். மெட்டில்டா போய் முன்னால் நின்றாள். அவன் அவளுடைய நரைத்த முன்தலையைப் பார்த்தான், கையைப் பார்த்தான், கால்வரை பார்த்தான்.

"ஃபோன எங்கட்டி வச்ச?" என்று கேட்டான்.

அவள் அவன் தோளில் அடித்தாள், அடித்துக்கொண்டே அழுதாள். ஊரே நின்று அழுதது, வயிற்றெரிச்சலிலும்தான் அழுதது, இல்லை என்று சொல்ல மாட்டோம். "சண்டை முடியிறவரைக்கும் கடல்ல எறங்க மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். இந்தத் தடவ வாக்கு மாற மாட்டேன்" என்றான் கஸ்பார். எங்களுக்கு அப்போது சிரிப்பு வந்தது, அவள் பதினொரு வருடத்துக்கு முன்னால் கேட்டது அதைத்தானே.

பிழை சார் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். கஸ்பாரைப் பார்த்தார், கப்பலில் ஏறினார், திசைகாட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் குனிந்திருந்தார், இறங்கி வந்தார். வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது, ஓடாவி முட்டுக்கட்டைகளைத் தட்டத் தொடங்கியிருந்தார்.

"உங்க பொருளை எடுத்துடுங்கம்மா" என்றார் மெட்டில்டாவிடம். அவள் போய், இடுக்கைக் கிழித்து ஃபோனை எடுத்துவிட்டு, அதே இடத்தில் புது நூல் அடித்துக் கீல் பூசிவிட்டு வந்தாள். அவர் அதைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார், தடவிப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"திசைகாட்டிப் பெட்டியில ஒரு சின்னப் பொருள் இருந்துச்சு. சிவப்பா. நீங்க பாத்தீங்களா?"

கஸ்பார் பக்கத்தில் நின்றான், அவள் கையைப் பிடித்திருந்தான். பாத்தேன் சார், வீட்டுல இருக்கு, ஓடிப்போய் எடுத்துட்டு வாறேன் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். திருடினேன் என்று சொல்ல வேண்டுமே, புருஷன் வந்து நிற்கிற அந்த நேரத்தில், அவ்வளவு பேருக்கு முன்னால்.

"இல்ல சார்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். "அப்ப நான் வைக்கவே இல்லபோல" என்றார். வாழ்க்கையில் ஒரு தேதியைக்கூட மாற்றிச் சொல்லாத மனுஷன். சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்து, அருங்காட்சியகத்தின் தாளில், இந்தக் கப்பலில் பிழை ஏதும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், ஏணியில் ஏறிக் கப்பலுக்குள் போனார். கட்டைகள் சரிந்தன, பொறுமை மணலைவிட்டு வழுக்கித் தண்ணீரில் விழுந்தது, ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. ஊரில் இருந்த வள்ளங்கள் எல்லாம் மாலை கட்டிக்கொண்டு அதை வழியனுப்பக் கூடவே போயின.

மெட்டில்டா கஸ்பாரை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். சோறு வடிக்கலாம் என்று பானைக்குள் கையைவிட்டாள். கை கிளிப்பில் பட்டது. அரிசியைக் கீழே கொட்டினாள், கிளிப்பை எடுத்தாள், அந்த இரண்டு முடியைப் பார்த்தாள், கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினாள். நாங்கள் கரையில் நின்றவர்கள், அவள் தலைமுடி அவிழ்ந்து, மூச்சு வாங்க, கையை உயரத் தூக்கிக்கொண்டு ஓடிவருவதைப் பார்த்தோம், கையில் இருந்ததையும் பார்த்தோம். கஸ்பார் பின்னாலேயே வந்தான்.

பொறுமை மணல்திட்டைத் தாண்டிவிட்டது, இன்னும் பாய் விரிக்கவில்லை, இழுவைக் கப்பல் மெதுவாகத்தான் போனது. பின்பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டை நின்றது தெரிந்தது. கரையில் ஒரே ஒரு வள்ளம் மிச்சம், கஸ்பாருடைய பழைய வள்ளம், அவள் பதினொரு வருடம் எண்ணெய் பூசிக் கவிழ்த்து வைத்திருந்தது. கரையில் இருந்த நாங்களோ கிழடுகளும் பெண்களும், மீரா லெப்பையின் ஆட்களும் லூர்தப்பனும் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். திட்டின் அலையைத் தாண்டி வலிக்கக்கூடிய தோள் அங்கே ஒன்றுதான் இருந்தது.

கஸ்பார் வள்ளத்தைப் பார்த்தான், கப்பலைப் பார்த்தான், அவள் கையில் இருந்த கிளிப்பைப் பார்த்தான். என்ன ஏது என்று அவனுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் ஒரு பிள்ளையின் காரியம் என்று புரிந்திருக்க வேண்டும். வள்ளத்தின் ஓரத்தில் கையை வைத்தான். அரை மணி நேரத்தில் தொட்டுவிடுவேன் என்றான். அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

"சண்டை முடிஞ்சிட்டாட்டி? முடிஞ்சிட்டுன்னா சொல்லு, எறங்குதேன்."

முடிந்து இருநூறு வருடம் ஆயிற்று என்று அவளுக்குத் தெரியும். முடிந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவன் இப்போது இறங்குவான், திரும்பியும் வருவான், கடல் அமைதியாகத்தான் இருந்தது. பிறகு நாளைக்கும் இறங்குவான், மறுநாளும் இறங்குவான், கார்த்திகையிலும் இறங்குவான். அவள் கடலைப் பார்த்தாள், வெள்ளைச் சட்டை சிறுத்துக்கொண்டே போனது. நாங்களும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம், எங்களில் யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், ரெஜினா சொல்லியிருக்கலாம், ஓடாவி சொல்லியிருக்கலாம். ரெஜினா லூர்தப்பனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மெட்டில்டா கிளிப்பை முந்தானையில் முடிந்தாள்.

"இன்னும் முடியல" என்றாள். "வாங்க, வந்து சாப்பிடுங்க."